வீட்டில் முதலில் சொன்னது யார்? காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், மதுரையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். கூடப் படித்தவரை ஆறு வருடமாக விரும்புகிறேன். சாதி வேறு. அவர் வீட்டில் அரைமனதாகச் சரி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அத்தையைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்பா மே மாதம் ரிட்டயர் ஆகிறார். அதற்குள் என் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார். "நான் பக்குவமா உங்கப்பாகிட்டச் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்கிறார் அத்தை. ஒரு தோழியோ, ரகசியமாக ரிஜிஸ்டர் செய்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள். எனக்கு இரண்டிலும் மனது ஒட்டவில்லை.

அப்பா கோபக்காரர் இல்லை. அதிகம் பேசவும் மாட்டார். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது? முதல் முதலாகப் பிடித்த நாளிலிருந்து தாலி ஏறிய நாள் வரைக்கும் சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டில் அந்த முதல் வார்த்தையைச் சொன்னது யார்?

ஆவணம்65:

கதை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை அம்மா. பதிவு அலுவலக வாசலில் இருபது வருடத்துக்கு மேல் மனு எழுதியவன் என்ற முறையில், ரகசியப் பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தால் அது ரகசியமாக இருக்காது. உங்கள் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்ததும் அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் கழித்துத்தான் கல்யாணம். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். பலகையில் பெயரைப் பார்த்தவர் மூலமாக வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததை நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

இருவரும் இந்துக்கள் என்றால் வேறு வழி உண்டு. 1967இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும். புரோகிதர் தேவையில்லை. உறவினர், நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். அப்படி முடித்த கல்யாணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கல்யாணமே நடக்காமல் பதிவு மட்டும் செய்கிறேன் என்று வருகிற பிள்ளைகள் நிறைய. அது கூடாது. முதலில் கல்யாணம், அப்புறம்தான் பதிவு.

இது உன் உரிமை. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுத பெண்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோமே என்று.

கழுகுமலைக்காரி:

தங்கச்சி, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். பதிலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். என் கதை கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

எங்கள் ஊர் கழுகுமலை. அப்பா அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. நான் பி.காம். படித்தது கோவில்பட்டியில். சங்கரன்கோவில் பஸ்தான் எங்கள் ஊர் வழியாகப் போகும். சாயங்காலம் பஸ் ஏறுமுன் சனிக்கிழமைகளில் மட்டும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கால் கிலோ கடலைமிட்டாய் வாங்குவேன். வீட்டுக்கு வாரத்துக்கு ஒருமுறை அதுதான் தின்பண்டம். அது 2000ஆம் வருடம்.

அந்தக் கடையில் வேலை பார்த்த பையன் ஒருநாள், "வீட்ல யாருக்கு வாங்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். "பாட்டிக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றேன். "பாட்டிக்குப் பல்லு இருக்கா?" என்றார். அதுவரைக்கும் நான் அதை யோசித்ததே இல்லை. எங்கள் பாட்டி ஒரு துண்டை வாயில் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, கடலையைத் துப்பிவிட்டு வெல்லத்தை மட்டும் விழுங்குவாள். தினமும் பார்த்த நான் கேட்காத கேள்வியை, பார்க்காத ஒரு ஆள் கேட்டார்.

கடலைமிட்டாய் போடுகிற இடத்தைப் பார்த்திருக்கிறாயா? வறுத்த கடலையைத் தோல் போகப் புடைத்து, வெல்லப் பாகில் கொட்டிக் கிளறுவார்கள். பாகைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் வில்லை போட வேண்டும். வில்லை போடும்போது ஓரத்தில் தூள் உதிரும். அந்தத் தூளை ஒரு சின்னப் பொட்டலம் கட்டி என் பையில் வைத்தார். "பாட்டிகிட்டக் குடுங்க" என்றார். காசு வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் பொட்டலம் தயாராக இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். என் மனதில் ஏதோ விழுந்துவிட்டது என்று எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? ஒரு வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரியே தலைக்குக் குளித்துவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்டபோது பதில் சொல்ல வரவில்லை.

2001 பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலையில் அவர்கள் கடை போட்டிருந்தார்கள். பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கடையிலிருந்து இறங்கி வந்து பாட்டிக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். பாட்டி அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூள் குடுக்குற பையன் நீதானா?" என்றாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நல்ல கையிளா. பாகுல சுட்டுச் சுட்டுக் காய்ச்சுப்போயிருக்கு" என்றாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2002 ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. அன்றைக்கு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இனிமே சனிக்கிழமை வர மாட்டீங்களா?" அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டார் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. "டேலி கம்ப்யூட்டர் கிளாஸ் சேர்ந்திருக்கேன், வருவேன்" என்றேன். சேரவே இல்லை. வீட்டுக்குப் போய் அன்று ராத்திரிதான் அப்பாவிடம் பணம் கேட்டேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் வேகமாகப் போய்விட்டது. ஒரு ரூபாய் காயின் போனில் பேசுவோம். 2003இல் இன்கமிங் இலவசமானதும் அவர் பழைய செல்போன் ஒன்று வாங்கினார். கல்யாணம் என்ற வார்த்தையை அவர் எடுத்தது எங்கள் ஊர் மலைமேல், வெட்டுவான் கோயில் முன்னால். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை அது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு கதை சொல்வார்கள். மேலே இதைச் செதுக்கியவர் அப்பா, கீழே முருகன் கோயிலைச் செதுக்கியவன் மகன். அப்பாவுக்குச் சொல்லாமலே மகன் வேலை பார்த்தான், ஊர் அவனைப் புகழப் போய் அப்பா ஆத்திரத்தில் அவனைக் கொன்றுவிட்டார், அதனால்தான் கோயில் பாதியில் நிற்கிறது என்று. கதையைச் சொல்லி முடித்ததும் அவர், "அப்ப உங்கப்பாகிட்ட முதல்லயே சொல்லிரணும்" என்றார். சரி என்றேன்.

ஆனால் நான் சொல்லவில்லை தங்கச்சி. பயந்தேன்.

2004 ஜனவரியில் பாட்டி இறந்துபோனாள். அவர் துட்டிக்கு வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போனார். வீட்டுக்குள் வரும் உரிமை அவருக்கு இல்லை. எனக்குத் துணையாக இருந்த ஒரே ஆளும் போய்விட்டாள். அந்த ஆவணியில் பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, அப்பாவிடம் பேசச் சொன்னேன். உன் அத்தை மாதிரிதான் அவரும். "நான் பக்குவமா எடுத்துச் சொல்லிருதேன்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் போய்ச் சொன்னது தீப்பெட்டி ஆபீஸில், நாலு பேர் இருக்கும்போது.

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். 14 மாதம். "அவளுக்குச் சோறு வச்சாச்சா?" என்று அம்மாவிடம் கேட்பார், நான் பக்கத்திலேயே நிற்பேன். நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், சம்பளம் வாங்கினேன். இருந்தாலும் தினமும் காலையில் ஜன்னல் திண்டில் என் பஸ் காசு இருக்கும். ஒருநாள்கூட அது தவறவில்லை. அந்தக் காசை எடுக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

2005 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, சாப்பாட்டு நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். அப்பா வராந்தாவில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பா, நான் ஒருத்தர விரும்புறேன். பெரியப்பா சொன்னது நெசந்தான். ஆனா நான் உங்ககிட்ட இன்னும் சொல்லல. அதான் சொல்ல வந்தேன்" என்றேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "இத நீ வந்து சொல்ல இம்புட்டு நாள் ஆச்சாளா?"

அவர் 14 மாதம் காத்திருந்தது அந்த ஒன்றுக்குத்தான். பையன் யார், சாதி என்ன என்பதெல்லாம் அப்புறம் வந்தது. அதிலும் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் பிள்ளையின் விஷயத்தை நாலு பேர் முன்னால் அடுத்தவர் வாயால் கேட்டதுதான் அவரை உடைத்திருந்தது.

கார்த்திகை மாதம் அவரை வீட்டுக்கு வரச் சொன்னார். கடைப் பையனுக்குப் பெண் கொடுப்பதா என்று சித்தப்பாமார் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கேட்டது, "கணக்கு ஏதும் எழுதுற பழக்கம் உண்டா தம்பி?" என்று. அவர் பையிலிருந்து ஆறு 80 பக்க நோட்டுகளை எடுத்து வைத்தார். சம்பளம் வாங்கத் தொடங்கியதிலிருந்து வரவு, செலவு, சீட்டு, சொந்தக் கடைக்குச் சேர்த்தது எல்லாம் அதில் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பேனா முனையை நகர்த்தினார். வீட்டில் யாருமே பேசவில்லை.

ஒரு இடத்தில் பேனா நின்றது. "வாராவாரம் சனிக்கிழமை 'பாட்டி தூள் 3.00'ன்னு எழுதியிருக்கீங்களே, இது என்ன?"

"உங்கம்மாவுக்குக் குடுத்து விட்டதுய்யா. முதலாளி சரக்கு இல்லையா, அதான் என் சம்பளத்துல எழுதிக்கிட்டேன்."

எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கடையில் மிச்சம் விழுகிற தூளைச் சும்மா கொடுக்கிறார் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வாரம் 350 ரூபாய் சம்பளத்தில் 3 ரூபாய். மூன்றரை வருடம்.

அப்பா பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார். 2004 ஜனவரியில் அந்த வரி நின்றுபோயிருந்தது. அதற்கடுத்த வரி, "துட்டி, கழுகுமலை பஸ் 12.00". அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் பக்கமும் கஷ்டம் இருந்தது. அவருடைய அம்மா தன் தம்பி மகளை மனதில் வைத்திருந்தார். அது சரியாக இன்னும் ஆறு மாதம் ஆனது. 2006 தையில் சிறியதாகச் சொந்தக் கடை போட்டார். அந்த வருடம் ஆவணியில் கழுகுமலை முருகன் கோயிலில் கல்யாணம். எனக்கு அரக்குச் சிவப்புப் பட்டு, அவருக்கு அப்பா எடுத்துக் கொடுத்த வேட்டி சட்டை. தாலி கட்டி முடித்ததும் அவர் என் அப்பா காலில் விழுந்து எழுந்து, "வாரேன் மாமா" என்று சொன்னபோது அப்பாவுக்குக் குரலே எழும்பவில்லை. அதுவரைக்கும் அவர் "ஐயா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தாம்பூலப் பையில் தேங்காயோடு கடலைமிட்டாயும் போட்டோம். முந்தின ராத்திரி அவரே கிண்டியது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றப் போனால் பாட்டி படத்துக்கு முன்னால் ஒரு பொட்டலம் இருந்தது. அவர் வைத்தார் என்று நினைத்தேன். அவர் நான் வைத்தேன் என்று நினைத்திருக்கிறார். அப்பா வைத்திருந்தார்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அப்பா கடைக்கு வந்து பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். இப்போது கடைக் கணக்கு அவர்தான் எழுதுகிறார்.

அதனால் சொல்கிறேன், அத்தையிடம் விடாதே. நீயே சொல். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: அடி, பூட்டி வைப்பது, கொன்றுவிடுவேன் என்ற பேச்சு இருக்கிற வீடு என்றால் நான் சொல்வது எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் உயிர். 181க்குக் கூப்பிடு, பாதுகாப்பான இடத்துக்குப் போ, மேலே ஆவணம் அண்ணாச்சி சொன்ன வழியில் போ. உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனாலும் உன் வீடு உனக்குத்தான் தெரியும்.

மூன்று பெண்களின் அப்பா:

எனக்கு இங்கே பதில் எழுதத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. என் இரண்டாவது மகள் காதலித்துத்தான் கல்யாணம் செய்தாள். எனக்கு அது தெரிந்தது டீக்கடையில். முதலில் வந்தது கோபம் இல்லை அம்மா, கூச்சம். டீ ஆற்றுகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று. கோபம் அதற்குப் பிறகு வந்தது, நிறையவே வந்தது. கத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மாப்பிள்ளை தங்கமான பையன்.

உங்கள் அப்பாவிடம் சொல்லும்போது அவர் உடனே சரி என்று சொல்வார் என எதிர்பார்க்காதீர்கள். முதல் நாள் வருகிற பதிலை வைத்து முடிவு கட்ட வேண்டாம். எங்களுக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. கழுகுமலை அக்கா, பஸ் காசு வந்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். எங்கள் அப்பாவும் நான் ஊருக்குப் போய்விட்டு மதுரை திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் சீட் போட்டுக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பும் வரை கீழே நிற்பார்.

வீட்டில் வன்முறை எதுவும் இல்லை. அத்தைக்கு நேற்றே போன் செய்து, நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த 14 மாதமும் அவரிடம் என்ன சொன்னீர்கள்? இவர் தினமும் "சொல்லிட்டியா, சொல்லிட்டியா" என்று கேட்கிறார்.

கழுகுமலைக்காரி:

"எங்கப்பா பேசல"ன்னு மட்டும்தான் சொன்னேன். அவர் ஒருதடவைகூட அவசரப்படுத்தவில்லை. "அவரு காசு வைக்காரா?"ன்னு கேப்பார். "வைக்காரு"ம்பேன். "அப்ப சரியாயிரும்"பார். உன் ஆளிடம் இதைப் படித்துக் காட்டு.

எப்போது சொல்லப் போகிறாய்?

மல்லிகைப்பந்தல்:

வருகிற ஞாயிற்றுக்கிழமை. காலையில் மல்லிகைச் செடிக்கு அப்பாதான் தண்ணீர் ஊற்றுவார். அப்போது அம்மா அடுப்படியில் இருப்பார், தம்பி எழுந்திருக்க மாட்டான். அந்த நேரத்தில் போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று இருக்கிறேன்.

கழுகுமலைக்காரி:

நல்ல நேரம்தான். வாளியை நீ வாங்கிக்கொள், அவர் கை சும்மா இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில்தான் இருப்பேன், போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். என்ன நடந்தாலும் இங்கே வந்து ஒரு வரி எழுது.